ஔடத தானம் எங்கே நிறைவுறுகிறது?

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை அறியாத சமணர் இல்லம் இல்லை எனலாம். பசித்தோர்க்கு உணவும், பிணியுற்றோர்க்கு மருந்தும், அறியாதார்க்குக் கல்வியும், அஞ்சி வந்தோர்க்கு அடைக்கலமும் அளித்தலை இல்லறத்தாரின் கடனாக நம் முன்னோர் வகுத்தனர். பண்டைத் தமிழகத்தில் சமண சமயம் வேரூன்றியமைக்கு இந்நால்வகைத் தானங்களும் ஒரு காரணம் என்று மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் ‘சமணமும் தமிழும்’ என்னும் நூலில் எடுத்துரைத்துள்ளார்.

இன்றும் நம் சமூகத்தார் மருத்துவ முகாம்கள் நடத்துகின்றனர். அறக்கட்டளைகள் வாயிலாக மருந்துச் செலவை ஏற்கின்றனர். இவை போற்றுதற்குரியன. ஆயினும் ஈண்டு ஒரு வினா எழுகிறது. மருந்தை வாங்கிக் கையில் கொடுத்த அளவில் ஔடத தானம் நிறைவுறுகிறதா? அன்றி, அம்மருந்து உரிய அளவில், உரிய வேளையில், உரிய முறையில் நோயாளியின் உடலைச் சேரும் வரை கொடுத்தவரின் கடமை தொடர்கிறதா?

உணவைக் கொடுத்தால் உண்பதற்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. மருந்தோ அவ்வாறன்று; முறை தவறின் பயனற்றதாகும்; அளவு தவறின் நஞ்சாகும். அதிலும் நோயாளி குழந்தையாயின், தான் உட்கொள்வது யாது என்பதைக் கூட அது அறியாது. அதன் உயிர் முழுவதும் பிறர் கவனத்தையே சார்ந்து நிற்கிறது. ஆதலின் நீண்ட நாள் கடினமான மருந்துகளை உட்கொள்ளும் குழந்தைகளை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்தல் பொருந்தும்.

வடசென்னையின் நிலை

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகள் துறைமுகத்தாலும் ஆலைகளாலும் வாழ்பவை. காசிமேட்டு மீனவரும், துறைமுகத் தொழிலாளரும், சரக்குப் பெட்டக லாரி ஓட்டுநரும், ஆலைகளில் ஒப்பந்தக் கூலிக்குச் செல்வோரும் இங்கு நெருங்கி வாழ்கின்றனர். துணிக்கடை, அடகுக்கடை, இரும்புக்கடை எனப் பல வணிகங்களை நடத்தி வரும் நம்மவர் பலரின் வாழ்வும் இம்மக்களோடு பிணைந்ததே.

இப்பகுதியையொட்டிய மணலியை 2009ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிகக் கடுமையாக மாசுற்ற தொழிற்பகுதிகளுள் ஒன்றாக வகைப்படுத்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீடுகள் நீரில் மூழ்கின. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அம்மாத இறுதியில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு வெளியேறினர். இத்தகைய நாளில், ஆஸ்துமா உள்ள குழந்தையின் தாய் கையில் எடுத்துச் செல்ல வேண்டியது எது? மின்சாரம் இல்லாத நாட்களில் இன்சுலின் குப்பியை எங்கே வைப்பது? இவ்வினாக்களுக்கு மருந்துச் சீட்டில் விடை இராது.

பழைய சிறைச்சாலைச் சாலையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனை உள்ளது. எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனை உள்ளது. 1994இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளைக் கொள்முதல் செய்து வழங்குகிறது. ஆகவே பல குடும்பங்களுக்கு மருந்து கிடைக்காமை மட்டும் இடரன்று. கிடைத்த மருந்தை வீட்டில் கையாளுவதும் இடரே. மருத்துவர் ஒருவர் ஒரு நாளில் பார்க்க வேண்டிய நோயாளிகளின் கூட்டத்தையும், மருந்து வழங்கும் சாளரத்தின் முன் நீளும் வரிசையையும் எண்ணிப் பார்ப்போர்க்கு, அங்கு நின்று நிதானமாக விளக்கம் பெறுதல் எத்துணை அரிது என்பது விளங்கும்.

மருந்தின் நுண்மை

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். நம் நாட்டில் குப்பிகளில் விற்கப்படும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கு 40 அலகு கொண்டது. பேனா வடிவக் கருவிகளில் இடும் இன்சுலினோ 100 அலகு கொண்டது. இரண்டிற்கும் ஊசிக்குழல்கள் வேறு. 40க்குரியதன் மூடி சிவப்பு, 100க்குரியதன் மூடி ஆரஞ்சு. 40 அலகுக் குப்பிக்கு 100க்குரிய ஊசிக்குழலைப் பயன்படுத்திப் பத்துக் கோடு வரை இழுத்தால் குழந்தைக்குச் செல்வது 4 அலகே. மாறாக, 100 அலகு மருந்தை 40க்குரிய குழலில் பத்துக் கோடு இழுத்தால் 25 அலகு சென்றுவிடும். முன்னது சர்க்கரையை ஏற்றும். பின்னது உயிரையே பறிக்கக் கூடும். இரு தாய்மாரும் ‘பத்து’ என்றே எண்ணியிருப்பர்.

காய்ச்சலுக்குரிய பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 100 மில்லி கிராம் உள்ளது. அதே மருந்து சிரப்பாக வரும்போது 5 மில்லி லிட்டருக்கு 125 அல்லது 250 மில்லி கிராம் என இருவகையாக உள்ளது. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்துக்குக் கொண்டால் நான்கு மடங்கு கூடச் சென்றுவிடலாம். வலிப்பு நோய்க்குரிய பெனிடாயின் திரவம் நன்கு குலுக்கப்படாவிடில் மருந்து அடியில் தங்கிவிடும். புட்டியின் முற்பகுதி முழுதும் குறைந்த மருந்தும், இறுதியில் மிகுந்த மருந்தும் குழந்தைக்குச் செல்லும். ஆஸ்துமாவைத் தடுக்கும் இன்ஹேலரை மூச்சுத் திணறல் இல்லாத நாளிலும் தவறாது இழுக்க வேண்டும். ‘பிள்ளை நன்றாக இருக்கிறதே’ என்று நிறுத்தும் அன்னையின் மகிழ்ச்சியே அடுத்த திணறலுக்கு வாயிலாகிறது.

அளவின் அருமையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ‘ஏலாதி’ என்று பெயரிட்டார். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் முறையே ஒன்று முதல் ஆறு பங்கு வரை சேர்ந்த மருந்தின் பெயர் அது. பங்கு மாறினால் அஃது ஏலாதி ஆகாது. அறத்திற்கு மருந்தை உவமையாக்கியவர்கள் அம்மருந்தின் அளவையும் உடன் நினைந்தனர் என்பது கருதத்தக்கது.

விதியும் திரவியமும்

தானத்தின் சிறப்பு நான்கினால் வேறுபடும் என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் வகுத்துள்ளார். கொடுக்கும் முறையாகிய விதி, கொடுக்கப்படும் பொருளாகிய திரவியம், கொடுப்பவராகிய தாதா, ஏற்பவராகிய பாத்திரம் என்பன அந்நான்கு. இவற்றுள் விதியே முதலில் வைக்கப்பட்டிருத்தலை நோக்குக. முனிவர்க்கு உணவளிக்கும்போது இவ்விதியை நாம் எத்துணை நுட்பமாகக் கடைப்பிடிக்கிறோம்! நீர் வடிகட்டியதா, கொதித்து ஆறியதா, வேளை சரியா எனப் பலமுறை பார்க்கிறோம். ஔடத தானத்தில் மட்டும் திரவியத்தோடு நின்றுவிடுதல் முறையாகுமா?

தானத்திற்குரிய குற்றங்களுள் ‘காலாதிக்கிரமம்’ ஒன்று. உரிய காலம் கடந்து கொடுத்தல் என்பது அதன் பொருள். விருந்தினர்க்கு உணவு காலம் தாழ்த்தியளித்தலே குற்றமாயின், இம்மாதம் முதல் நாள் தீர்ந்துபோகும் வலிப்பு மருந்தைப் பத்தாம் நாள் கொண்டு சேர்த்தலை என்னென்பது? இடைப்பட்ட நாட்களில் மருந்து திடீரென நின்றமையாலேயே வலிப்பு கடுமையாகத் திரும்பக் கூடும்.

இதற்கும் மேலாக அகிம்சையின் இலக்கணத்தையே நோக்குவோம். பிரமாதம், அதாவது விழிப்பின்மை, காரணமாக உயிர்க்கு ஊறு விளைத்தலே இம்சை என்பது நம் ஆகமக் கொள்கை. நான்கு முழம் முன்னே பார்த்து நடக்கும் முனிவரின் அடியில் அவரறியாமல் ஒரு சிற்றுயிர் மடியினும் அவருக்கு இம்சைப் பாவம் இல்லை. விழிப்பின்றி நடப்பவர்க்கோ உயிர் மடியாவிடினும் பாவம் உண்டு. இதனை நம் வினாவுக்குப் பொருத்திப் பார்க்கலாம். இரவெல்லாம் விழித்திருந்து, கடிகாரம் பார்த்து, தவறான ஊசிக்குழலில் மருந்தேற்றிய தாய் விழிப்பற்றவள் அல்லள். அவளுக்கு இல்லாதது அறிவே அன்றிக் கவனம் அன்று. அவ்வேறுபாட்டை அறிந்திருந்தும் சொல்லாது விட்டவரிடத்தும், அறிந்து சொல்லும் வாய்ப்பிருந்தும் முயலாதவரிடத்துமே பிரமாதம் உள்ளது. ஆகவே தானம் செய்தோம் என்னும் மனநிறைவோடு நாம் திரும்பி வரும் வழியிலேயே இம்சையின் வித்து கிடக்கக் கூடும். இஃது அச்சுறுத்துவதற்காகக் கூறப்படுவதன்று. அறத்தின் எல்லை எவ்வளவு தொலைவு செல்கிறது என்பதைக் காட்டவே கூறப்படுவது.

எழக்கூடிய தடைகள்

நோய் என்பது அசாதா வேதனீய கர்மத்தின் பயன்; அதனை அக்குழந்தை அனுபவித்தே தீர வேண்டும்; நாம் இடைப்புகுதல் எதற்கு எனச் சிலர் வினவலாம். கர்மம் பயன் தருவதற்கு நிமித்தங்கள் வேண்டும் என்பது போலவே, அது தணிவதற்கும் நிமித்தங்கள் உண்டு. மருந்தும் துணையும் அத்தகைய நிமித்தங்களே. மேலும், பிறன் கர்மத்தைக் கணக்கிடுதல் நம் வேலையன்று. அத்துயரைக் கண்டவிடத்து நம் உள்ளத்தில் எழும் பாவமே நம் கர்மமாகிறது. எல்லா உயிர்களிடத்தும் இரக்கமும் தானமும் சாதா வேதனீயத்திற்கு ஏதுவென அதே சூத்திர நூல் கூறுகிறது. கர்மக் கொள்கை நம்மை நாமே திருத்திக்கொள்வதற்கு வகுக்கப்பட்டது. பிறர் துயரைக் கண்டும் காணாதிருத்தற்கு வகுக்கப்பட்டதன்று.

இரண்டாவது தடை நம் இல்லங்களுக்கே உரியது. சில மருந்துகள் விலங்கின் உடற்பொருளைக் கொண்டவை. பல மாத்திரைக் கூடுகள் ஜெலட்டினால் ஆனவை. 1922 ஜனவரியில் தொரண்டோ நகரில் முதன்முதல் இன்சுலின் ஏற்றப்பட்டவன் 14 வயதுச் சிறுவன். அம்மருந்து மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1982 முதல் நுண்ணுயிர் வழியே உருவாக்கும் மனித இன்சுலின் வழக்கிற்கு வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் உக்கிராதித்தியாசாரியர் இயற்றிய ‘கல்யாணகாரகம்’ ஊனும் மதுவும் தேனும் நீக்கிய மருத்துவத்தை வகுத்தது. ஆகவே மாற்று மருந்து உண்டா எனக் கேட்பது நம் மரபுக்கு ஒத்ததே; தாவரப் பொருளாலான கூடுகளும் இன்று உள்ளன. ஆனால் அவ்வினாவை மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் கேட்க வேண்டும். கேளாமல் கூட்டைப் பிரித்துப் பொடியைக் கொட்டுவதும், மருந்தையே நிறுத்துவதும், ஐம்பொறியும் மனமும் உடைய உயிரொன்றைக் காவாது விடுதலாகும்.

இரவுணவு தவிர்த்தலும் உபவாசமும் இவ்வாறே. உணவோடு இரவு ஒன்பது மணிக்கு எனச் சீட்டில் எழுதப்பட்ட மருந்தை, சூரியன் மறையுமுன் அமையுமாறு மாற்ற இயலுமா என்று கேட்டால், பல மருந்துகளுக்கு வழி கிடைக்கும். கேளாமல் தவிர்ப்பதே தீங்கு. இன்சுலின் ஏற்றும் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து நடுங்கும்போது நள்ளிரவாயினும் உடனே இனிப்பு கொடுத்தாக வேண்டும். பதினாறு பாவனைகளுள் தியாகமும் தவமும் சக்திக்கேற்ப என்றே விதிக்கப்பட்டுள்ளன. குழந்தையின் சக்தியை அளவாகக் கொள்ளாத விரதம் விரதமாகாது.

மூன்றாவதாக, இஃது அரசின் கடமையன்றோ எனலாம். உண்மையே. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நோய்களுக்குரிய மருந்துகளை இல்லந்தோறும் கொண்டு செல்கிறது. மருந்தாளுநர் நோயாளிக்கு விளக்கமளித்தலை 2015ஆம் ஆண்டு மருந்தியல் தொழில் விதிமுறைகள் கடமையாக்கியுள்ளன. எனினும் அரசு செய்வது நம் கடமையை நீக்கிவிடுவதில்லை. நெடுஞ்சாலையில் அரசு விளக்கேற்றியிருப்பினும் நம் திண்ணையில் நாம் விளக்கு வைப்பதில்லையா?

சென்னை கற்பித்த பாடம்

மருந்தோடு துணையும் செல்ல வேண்டும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தியல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகிறது. சானடோரியத்தில் படுக்க வைத்து ஊட்டமளித்தாலன்றிக் காசநோய் தீராது என்று கருதப்பட்ட காலம் அது. சென்னையின் ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரை அவரவர் இல்லத்திலும் வைத்து ஒரே மருந்தை அளித்து ஒப்பிட்டனர். நெருக்கமான வீடும் எளிய உணவும் இருந்தும் இல்லத்தில் இருந்தோர் ஏறத்தாழ அதேயளவு நலம் பெற்றனர் என்பது 1959இல் வெளிவந்த முடிவு. அவர்களிடம் மருந்தைக் கொடுத்துவிட்டு வாளா இருந்துவிடவில்லை. இல்லம் தேடிச் சென்று பார்த்தனர். அவ்வழி வந்த அறிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது.

மேலை நாடுகளில் ‘சிறப்பு மருந்தகம்’ என்றே தனி அமைப்புகள் இயங்குகின்றன. மருந்து தீருமுன் தொலைபேசியில் நினைவூட்டுதல், குளிர்பெட்டியில் வீடு சேர்த்தல், ஊசியேற்றப் பெற்றோர்க்குக் கற்பித்தல் முதலியன அவற்றின் பணி. அவை பெரும்பொருட் செலவில் நடப்பவை. அவற்றின் கருத்தை எளிய முறையில் மேற்கொள்ள இயலும். தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் சாதாரண நெகிழிப் புட்டியில் துளையிட்டு இன்ஹேலருக்குரிய ஸ்பேசராக்கிப் பயன் கண்டு 1999இல் வெளியிட்டனர். குளிர்பதனப் பெட்டி இல்லாத இல்லங்களில் நீர் தெளித்த மணலிட்ட மண்பானைக்குள் இன்சுலினை வைக்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு.

நாம் செய்யத்தக்கவை

இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியர் உணவு, மருந்து என்பவற்றோடு உபகரணத்தையும் தானமாக எண்ணுகிறார். முனிவர்க்குரிய உபகரணத்தையே அவர் கருதினார் எனினும், அக்கருத்தை நாம் விரித்துக்கொள்ளலாம். மில்லி லிட்டர் கோடிட்ட வாய்வழி ஊசிக்குழல், ஸ்பேசர், குளிர்காப்புப் பை, வேளை குறித்த அட்டை ஆகியன சிறுவிலைப் பொருள்களே. ஆயினும் இவை இன்றி விலையுயர்ந்த மருந்தும் வீணாகும். அந்நூல் ஔடத தானத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறும் விருஷபசேனையின் கதையில், முற்பிறவியில் அவள் முனிவர்க்கு மருந்தை அனுப்பிவைத்தவள் அல்லள். அருகிருந்து பணிவிடை செய்தவள்.

நம் முகாம்கள் மருந்து வழங்கிய குழந்தைகளுக்கு ஆளுக்கொரு துணைவரை அமர்த்தலாம். மருந்தாளுநர் பயிற்சி பெற்ற நம் இளைஞர்களும், ஓய்வு பெற்ற செவிலியரும் இதற்கு ஏற்றவர். மருந்து தீரும் நாளைக் குறித்துவைத்து ஒரு கிழமை முன்னரே கேட்டல், தாய் தன் கையால் அளந்து காட்டுமாறு செய்து பார்த்தல், புயல் எச்சரிக்கை வந்தவுடன் பத்து நாள் மருந்து கைவசம் உள்ளதா என வினவுதல் ஆகியன போதும். பொடியாக வரும் குழந்தை மருந்தைக் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும் என்பதையும், கரைத்தபின் குறித்த நாட்களுக்கு மேல் வைக்கலாகாது என்பதையும் விளக்க, நாள்தோறும் கொதிநீர் அருந்தும் நம் சிராவகியரினும் தகுதியுடையார் யாவர்?

இப்பணிக்கு எல்லைகளும் உண்டு. சத்திய அணுவிரதத்தின் குற்றங்களுள் மித்தியோபதேசம், இரகோப்பியாக்கியானம் என இரண்டைச் சான்றோர் கூறினர். பொய்யான அறிவுரை முன்னது. பிறர் மறையை வெளிப்படுத்தல் பின்னது. அறியாததை அறிந்ததுபோல் கூறி, மருத்துவர் எழுதிய அளவைக் கூட்டியோ குறைத்தோ சொல்லும் துணைவர் முதற் குற்றத்திற்கு ஆளாவார். வலிப்பும் எச்.ஐ.வி.யும் உள்ள பிள்ளைகளின் நோயைத் தெருவறியச் செய்பவர் இரண்டாவதற்கு ஆளாவார். விளம்பரத்திற்காக அக்குழந்தைகளின் படத்தை வெளியிடுதலும் இதனுள் அடங்கும். குடும்பம் தானே திறம்பெறும் அளவும் துணை நின்று, பின் விலகுதலே பற்றற்ற தொண்டு.

இனி நம் வினாவுக்கு விடை காணலாம். மருந்து கொடுத்தல் ஔடத தானம். அதனை உட்கொள்ளும் முறையைக் கற்பித்தல் சாத்திர தானம். அம்மருந்தோடு உண்ண வேண்டிய உணவு அவ்வீட்டில் உண்டா என அறிந்து உதவுதல் ஆகார தானம். ‘நள்ளிரவில் பிள்ளைக்கு ஏதேனும் நேரின் யாரைக் கேட்பேன்’ என்னும் தாயின் நடுக்கத்தைப் போக்குதல் அபய தானம். நோயுற்ற குழந்தையின் முன்னிலையில் இந்நான்கும் வேறு வேறாக நிற்பதில்லை. மற்ற மூன்றும் வந்து சேரும் இடத்திலேதான் ஔடத தானம் நிறைவுறுகிறது.

அடுத்து வரும் மருத்துவ முகாமில் எத்தனை பேர்க்கு மருந்து வழங்கினோம் என்னும் கணக்கோடு, ஆறு திங்கள் கழித்து எத்தனை குழந்தைகள் முறை தவறாது அதனை உட்கொண்டு வருகின்றனர் என்னும் கணக்கையும் எழுதத் தொடங்குவோமாக. அறம் வளர்க!